விமானிகள் எடைபோடும் ஒப்பந்தம்: ஊதிய சதவீதத்துக்கு அப்பால்



2022 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளிடையே நடந்த வாக்கெடுப்பின் முடிவு வெளியாயிற்று. நிர்வாகமும் சங்கத் தலைமையும் பேசி முடித்திருந்த தற்காலிக ஒப்பந்தத்தை ஏற்பதா, நிராகரிப்பதா என்பதே உறுப்பினர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி. 18 மாதங்களில் 14 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஊதிய உயர்வு அதில் இருந்தது. வாக்களித்தவர்களில் 94 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். பதினோரு மாதங்கள் கழித்து, 2023 செப்டம்பர் இறுதியில், அதே விமானிகள் வேறோர் ஒப்பந்தத்தை 82 சதவீத ஆதரவுடன் ஏற்றுக்கொண்டனர். அதில் ஒப்பந்த காலம் முழுவதற்கும் சேர்த்து ஊதிய உயர்வு 40 சதவீதம் வரை இருந்தது. மேம்பாடுகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையே நடந்தவற்றைத் தொழிற்சங்க அரங்கில் பணியாற்றும் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பஞ்சாலையாக இருந்தாலும், போக்குவரத்துக் கழகமாக இருந்தாலும், துறைமுகமாக இருந்தாலும், ஒப்பந்த நகல் மேசைக்கு வரும் நாளில் எழும் கேள்விகள் ஒன்றேதான். இது போதுமா? இன்னும் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் கைக்கு வந்ததும் போய்விடுமா? இந்தக் கேள்விகளுக்கு உணர்ச்சியை மட்டும் நம்பிப் பதில் சொல்ல முடியாது. கணக்கு வேண்டும், அமைப்பு வேண்டும், எதிரியின் பலம் பலவீனம் பற்றிய நிதானமான மதிப்பீடு வேண்டும்.

விமானி தொழிலாளியா?

முதலில் ஒரு ஆட்சேபத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். மாதம் பல லட்சம் ரூபாய் வாங்குகிறவரைத் தொழிலாளி என்று எப்படிச் சொல்வது என்று கட்சிக் கிளைகளிலேயே கேட்கப்படுவதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் வருமானத்தின் அளவைக் கொண்டு வர்க்கத்தைத் தீர்மானிப்பது மார்க்சியம் ஆகாது. உற்பத்திச் சாதனம் யாருடையது, உழைப்பின் நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார், விளைந்த உபரி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பவையே அளவுகோல்கள். விமானிக்கு விமானம் சொந்தமல்ல. எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை முறை பறப்பது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. நிறுவனத்தின் கணினி தயாரிக்கும் பணி அட்டவணை தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விமானியின் வாழ்க்கை முழுவதும் பணிமூப்புப் பட்டியலோடு பிணைக்கப்பட்டுள்ளது. எந்த வகை விமானம், எந்த ஊரில் பணித்தளம், எந்த நாளில் விடுப்பு, எப்போது கேப்டன் பதவி என அனைத்தும் அந்தப் பட்டியலில் உள்ள இடத்தைப் பொறுத்தவை. இருபது ஆண்டு பணியாற்றியவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே பட்டியலின் கடைசியில், புதிதாகச் சேர்ந்தவரின் ஊதியத்தில்தான் தொடங்க வேண்டும். உயர்ந்த திறன் உடையவர் எங்கும் போய்த் தம் உழைப்புச் சக்தியை நல்ல விலைக்கு விற்கலாம் என்ற முதலாளித்துவப் பொருளாதார வாதம் இங்கே பொய்த்துப்போகிறது. இந்தியாவிலோ வேலையை விட்டு விலகும் உரிமையே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 2017இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பிறப்பித்த விதியின்படி கேப்டன் ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் காலத்தில் பணியாற்ற வேண்டும். வேலைநீக்கம் செய்ய நினைக்கும் முதலாளியை இவ்வளவு காலம் காத்திருக்கச் செய்யும் விதி எதுவும் இந்த நாட்டில் இல்லை.

ஆகவே விமானி கூலி உழைப்பாளி. அதே நேரத்தில், அவருடைய உயர் ஊதியமும் சமூக அந்தஸ்தும் அவரைச் சக தொழிலாளரிடமிருந்து பிரித்து வைக்கின்றன என்பதும் உண்மை. அந்தப் பிரிவினைக்கு அவர்கள் கொடுத்த விலையை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

1981 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரண்டே நாளில் ஜனாதிபதி ரீகன் 11,345 பேரைப் பணிநீக்கம் செய்தார். அவர்களுடைய சங்கமான பாட்கோ அங்கீகாரத்தை இழந்தது. விமானிகள் சங்கம் அந்த மறியலுக்குத் தோள் கொடுக்கவில்லை. விமானங்கள் பறந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து முறை விமானிகளுடையதாயிற்று. 1983 செப்டம்பரில் ஃபிராங்க் லொரென்சோவின் தலைமையில் இருந்த கான்டினென்டல் ஏர்லைன்ஸ் திவால் சட்டத்தின் கீழ் தஞ்சம் புகுந்தது. தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்து, ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஏறத்தாழப் பாதி ஊதியத்தில் மீண்டும் வேலைக்கு எடுத்தது. விமானிகளின் வேலைநிறுத்தம் இரண்டாண்டு நீடித்தும் தோல்வியில் முடிந்தது. 1981இல் தனித்து விடப்பட்டவர்கள் கட்டுப்பாட்டாளர்கள் என்றால், 1983இல் தனித்து நின்றவர்கள் விமானிகள்.

ஆனால் இதே வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. புதிதாகச் சேர்வோருக்கு நிரந்தரமாகக் குறைந்த ஊதிய விகிதம் என்ற இரட்டை ஊதிய முறையை 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கொண்டுவந்தது. 1985இல் யுனைடெட் நிர்வாகமும் அதையே கோரியபோது விமானிகள் மே 17 முதல் 29 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தத்தை முறிப்பதற்காக நிர்வாகம் பயிற்சி கொடுத்து வைத்திருந்த ஏறத்தாழ 570 புதிய விமானிகளில் மிகப் பெரும்பாலோர் மறியலைத் தாண்டிப் பணிக்குச் செல்ல மறுத்துவிட்டனர். இன்னும் ஒரு நாள் ஊதியம்கூட முழுமையாகப் பெறாத இளைஞர்கள் அவர்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்காகவும், இளையவர்கள் மூத்தவர்களோடும் நின்ற அந்த 29 நாட்கள் இன்றும் அந்தச் சங்கத்தின் பெருமைக்குரிய பக்கமாக இருக்கின்றன.

சட்டம் போட்ட வேலி

அமெரிக்க விமானிகளின் கூட்டு பேரம் 1926இல் ரயில்வே தொழிலாளர்களுக்காக இயற்றப்பட்டு, 1936இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அது திருத்தத்துக்கு உரியதாக மாறும், அவ்வளவே. புதிய ஒப்பந்தம் வரும்வரை பழைய ஊதியமும் பழைய பணிவிதிகளும் தொடரும். பேச்சுவார்த்தை முறிந்தாலும் வேலைநிறுத்தம் செய்துவிட முடியாது. தேசிய மத்தியஸ்த வாரியம் இனி சமரசத்துக்கு வழியில்லை என்று இரு தரப்பையும் விடுவிக்க வேண்டும். அதன்பின் 30 நாள் காத்திருப்புக் காலம். அதற்கும் பிறகு ஜனாதிபதி நெருக்கடி வாரியம் அமைக்கலாம். இறுதியில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தீர்வைத் திணிக்கலாம்.

1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜனாதிபதி கிளின்டன் தலையிட்டு அதை நிறுத்தினார். 2022 டிசம்பரில், யுனைடெட் விமானிகள் ஒப்பந்தத்தை நிராகரித்த அடுத்த மாதமே, ரயில்வேயில் இதே சட்டத்தின் கீழ் நடந்ததைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ரயில்வே சங்கங்களில் நான்கு சங்கங்களின் உறுப்பினர்கள் ஒப்பந்தத்தை நிராகரித்திருந்தனர். ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு என்பது அவர்களது முக்கியக் கோரிக்கை. நாடாளுமன்றம் அதே ஒப்பந்தத்தைச் சட்டமாக்கித் திணித்தது. தம்மைத் தொழிலாளர்களின் நண்பர் என்று அழைத்துக்கொண்ட ஜனாதிபதி பைடன் அதில் கையெழுத்திட்டார்.

எனவே நிராகரிப்பது என்பது விமானிகளுக்கு விளையாட்டல்ல. காலம் முதலாளியின் பக்கம். பேச்சுவார்த்தை இழுபடும் ஒவ்வொரு மாதமும் பழைய ஊதியமே நீடிக்கும். அதனிடையே பொருளாதார மந்தம் வந்தால் பேரம் பேசும் பலமே கரைந்துபோகும். இதையெல்லாம் அறிந்துதான் 94 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது எது?

பறிபோனவற்றின் பட்டியல்

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் நீதிமன்றங்களை நாடின. யுனைடெட் 2002 டிசம்பரிலும், டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005 செப்டம்பரில் ஒரே நாளிலும், அமெரிக்கன் 2011 நவம்பரிலும் மனு செய்தன. திவால் என்ற சொல்லைக் கேட்டதும் நிறுவனம் மூடப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. விமானங்கள் பறந்துகொண்டேதான் இருந்தன. மூடப்பட்டவை ஊழியர்களின் உரிமைகள். விமானிகளின் ஊதியம் கடுமையாக வெட்டப்பட்டது. 2005இல் யுனைடெட் தன் ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டு அரசின் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் சுமத்தியது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரிய ஓய்வூதியக் கைவிடல் அதுவே. முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுக்குக் காத்திருந்தவர்கள், வாக்களிக்கப்பட்ட தொகையில் ஒரு பகுதியோடு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு லாபம் திரும்பியது. கொழுத்த லாபம். பெரு நிறுவனங்கள் அந்த உபரியில் பெரும் பகுதியைத் தம் பங்குகளைத் தாமே திரும்ப வாங்கிப் பங்கு விலையை ஏற்றுவதற்குச் செலவிட்டன. 2020இல் கொள்ளைநோய் வந்ததும் அதே நிறுவனங்கள் அரசின் கதவைத் தட்டின. ஊதிய ஆதரவு என்ற பெயரில் மூன்று தவணைகளில் பயணிகள் விமான நிறுவனங்களுக்குக் கிடைத்த பொதுப்பணம் 5,400 கோடி டாலர். பணத்தைப் பெற்றுக்கொண்டே, ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டி ஓய்வுபெறச் செய்து ஆட்களைக் குறைத்தன. பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பியபோது விமானத்தை ஓட்ட ஆளில்லை. இருந்தவர்கள் மீது கூடுதல் பணி சுமத்தப்பட்டது. விடுப்பு நாளில் அழைப்பு, கடைசி நேர அட்டவணை மாற்றம், ஊர் திரும்ப முடியாத இரவுகள் என்று நாட்கள் கழிந்தன.

இத்தகைய சூழலில்தான் 14 சதவீதம் முன்வைக்கப்பட்டது. விலைவாசி நாற்பது ஆண்டுகளில் காணாத உயரத்தில் இருந்த ஆண்டு அது. முந்தைய இருபது ஆண்டின் இழப்பையும் நடப்பு ஆண்டின் விலைவாசியையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர்களுக்கு, உயர்வு என்று அழைக்கப்பட்டது பள்ளத்தின் ஒரு பகுதியை நிரப்புவதாகக்கூட இருக்கவில்லை.

எதை எடைபோடுவது?

ஒப்பந்தம் என்றாலே ஊதிய சதவீதத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் பரவலாக உள்ளது. நிர்வாகங்களும் அந்த ஓர் எண்ணைத்தான் பத்திரிகைகளுக்குக் கொடுக்கின்றன. விமானிகளின் ஒப்பந்தம் பல நூறு பக்கங்கள் கொண்டது. அதில் ஊதிய அட்டவணை சில பக்கங்கள் மட்டுமே. மீதிப் பக்கங்களில் என்ன இருக்கிறது?

முதலாவது, நேரம். அமெரிக்க விமானியின் ஊதியம் பறக்கும் மணிக்கணக்கில் கணக்கிடப்படுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரமே அடிப்படை. விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம், இரண்டு பறப்புகளுக்கு இடைப்பட்ட நேரம், விடுதிக்குப் போய்வரும் நேரம் ஆகியவை அந்தக் கணக்கில் முழுமையாக வருவதில்லை. எனவே மணிக்கு இவ்வளவு என்ற விகிதம் உயர்ந்தாலும், அட்டவணையை நிர்வாகம் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடிந்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்ச உத்தரவாத மணிநேரம், வெளியூரில் கழியும் நேரத்துக்கான ஈடு, விடுப்பு நாளில் அழைத்தால் கூடுதல் ஊதியம் ஆகிய பிரிவுகள் இதனால்தான் சதவீதத்தைப் போலவே முக்கியமானவை.

இரண்டாவது, காத்திருப்புப் பணி. இளைய விமானிகள் பல மாதங்கள் நிலையான அட்டவணை இல்லாமல், அழைத்தால் உடனே வரத் தயாராகக் காத்திருக்கிறார்கள். மூத்தவருக்கு நல்ல ஊதிய உயர்வு, இளையவருக்குப் பழைய காத்திருப்பு விதிகள் என்று ஓர் ஒப்பந்தம் வந்தால், அது 1983இன் இரட்டை ஊதிய முறையை வேறு உருவில் கொண்டுவருவதாகவே அமையும்.

மூன்றாவது, யார் பறப்பது என்ற பிரிவு. ஒப்பந்தங்களில் இதுவே மிகக் கடுமையாகப் பேரம் பேசப்படும் இடம். பெரு நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் தாங்கிய சிறிய விமானங்களைக் குறைந்த ஊதியம் தரும் துணை நிறுவனங்கள் இயக்குகின்றன. எத்தனை இருக்கை வரை அப்படி வெளியே கொடுக்கலாம் என்பதை இந்தப் பிரிவு வரையறுக்கிறது. தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளியின் அருகிலேயே ஒப்பந்தத் தொழிலாளி நிற்பதைக் கண்டு பழகிய தோழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

இந்தப் பிரிவின் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2009 பிப்ரவரி 12 இரவு, கான்டினென்டல் பெயரில் பயணச்சீட்டு விற்கப்பட்டு, கோல்கன் ஏர் என்ற துணை நிறுவனம் இயக்கிய விமானம் பஃபலோ நகரருகே ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். வேக இழப்பு எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினையாற்றியதே காரணம் என்று விசாரணை கூறியது. இரு விமானிகளும் சோர்வுற்றிருக்க வாய்ப்புண்டு என்றும் அதே விசாரணை பதிவு செய்தது. குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, பணித்தளம் அமைந்த நியூவார்க்கில் வசிக்க வழியில்லாமல், நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டிலிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். கேப்டன் முந்தைய இரவை ஊழியர் ஓய்வறையில் கழித்திருந்தார். மாண்டவர்களின் குடும்பங்கள் இடைவிடாமல் போராடியதன் விளைவாக, பணிநேரத்தைக் குறைத்துப் பத்து மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கும் விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. சரக்கு விமானிகள் மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டனர். சரக்கு ஏற்றிச் செல்லும் விமானிக்கு உறக்கம் தேவையில்லை என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. செலவு அதிகம் என்று கணக்காளர்கள் சொன்னார்கள்.

நிராகரித்த பிறகு என்ன செய்தார்கள்?

வேண்டாம் என்று வாக்களிப்பது எளிது. அதற்குப் பின்னான வேலைதான் கடினம். யுனைடெட் விமானிகள் வாக்குச்சீட்டோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. சீருடையில் விமான நிலைய வாயில்களில் விளக்க மறியல் நடத்தினர். பேச்சுவார்த்தைக் குழு உறுப்பினர்களிடம் மீண்டும் கருத்துக் கேட்டது. இதற்கிடையே 2022 அக்டோபர் இறுதியில் டெல்டா விமானிகள் 99 சதவீத ஆதரவுடன் வேலைநிறுத்தத்துக்கு அங்கீகாரம் அளித்திருந்தனர். 2023 மார்ச் 1 அன்று அவர்கள் ஏற்ற ஒப்பந்தம் நான்காண்டுகளில் 34 சதவீத உயர்வைத் தந்தது. அது மற்ற நிறுவனங்களுக்கு அளவுகோலாயிற்று. டெல்டா ஒப்பந்தத்திலேயே, யுனைடெட்டோ அமெரிக்கனோ கூடுதல் விகிதம் கொடுத்தால் அதைவிட ஒரு சதவீதம் உயர்த்தித் தர வேண்டும் என்ற பிரிவு இருந்தது.

யுனைடெட்டில் அதைவிட நல்ல உடன்பாடு எட்டப்பட்ட செய்தி வந்ததும், அமெரிக்கன் விமானிகள் வாக்களிக்க இருந்த ஒப்பந்தத்தின் மதிப்பை நிர்வாகம் 100 கோடி டாலருக்கும் மேல் உயர்த்த நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் 73 சதவீதத்தினர் அதை ஏற்றனர். 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட் விமானிகள் 93 சதவீத ஆதரவுடன் 1,200 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தை ஏற்றனர். இவை தனித்தனி நிறுவனங்களின் ஒப்பந்தங்கள். ஒரு சங்கத்தின் 94 சதவீத மறுப்பு நான்கு நிறுவனங்களின் கணக்கை மாற்றியது. முதலாளிகள் சந்தையில் போட்டியிடுகிறார்கள் என்பது தொழிலாளிக்குச் சாதகமாக மாறுவது இப்படித்தான்.

ஒரு விவரத்தைக் கடந்துபோகக் கூடாது. டெல்டாவில் 22 சதவீதத்தினரும், அமெரிக்கனில் 27 சதவீதத்தினரும் எதிராக வாக்களித்தனர். அவர்கள் சங்கத்தின் எதிரிகள் அல்லர். எதிர் வாக்குகள் வெளிப்படையாக எண்ணப்படுவதும், ஒப்பந்தத்தின் முழு வாசகம் உறுப்பினரின் கைக்குப் போவதும், வாக்கெடுப்புக்கு முன் தலைமை ஊர் ஊராகச் சென்று பதில் சொல்வதும் சங்கத்தின் பலம். யுனைடெட் தலைமை 94 சதவீதத் தோல்வியைச் சந்தித்தது. சங்கம் உடையவில்லை, வலுப்பெற்றது. உறுப்பினர்களைக் கேட்காமல் கையெழுத்திட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

பயணச்சீட்டு விலை உயருமா?

விமானிக்குக் கூடுதல் கொடுத்தால் சுமை பயணியின் தலையில்தான் விழும் என்ற வாதம் எப்போதும் எழும். 1865இல் அகிலத்தின் பொதுக்குழுவில் மார்க்ஸ் ஆற்றிய உரை, பின்னாளில் கூலி, விலை, லாபம் என்று நூலாக அறியப்பட்ட அந்த உரை, இந்த வாதத்துக்கு அளித்த பதிலே ஆகும். கூலி உயர்வு பொதுவாக லாப விகிதத்தைக் குறைக்கும், சரக்குகளின் விலையைத் தீர்மானிக்காது என்று அவர் காட்டினார். முதலாளி விரும்பியபோதெல்லாம் விலையை ஏற்ற முடியுமானால் கூலி உயர்வுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? விமானக் கட்டணம் ஒரே நாளில் மூன்று முறை மாறுவதைக் கண்ட எவருக்கும் அது விமானியின் ஊதியத்தால் நிர்ணயிக்கப்படுவதில்லை என்பது தெரியும். பண்டிகைக்கு முந்தைய நாள் கட்டணம் மும்மடங்காகும்போது விமானியின் ஊதியம் ஒரு ரூபாய்கூட உயர்வதில்லை.

அதே உரையில் மார்க்ஸ் விடுத்த எச்சரிக்கையும் மறக்கத்தக்கதல்ல. கூலிக்கான போராட்டம் விளைவுகளோடு நடத்தும் போராட்டமே. விளைவுகளுக்கான காரணமாகிய கூலி உழைப்பு முறை நீடிக்கும் வரை, வென்றதை மீண்டும் பறிக்கும் முயற்சியும் நீடிக்கும். 2005இல் ஓய்வூதியம் பறிபோனதும், 2023இல் ஊதியம் உயர்ந்ததும் ஒரே தலைமுறை விமானிகளின் வாழ்க்கையில் நடந்தவை.

இந்தியாவின் நிலை

இப்போது இந்த நாட்டுக்கு வருவோம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் குளிர்காலப் புயலின்போது நிலைகுலைந்து, ஏறத்தாழ 17,000 விமானங்களை ரத்து செய்தது. ஊழியர் பணி ஒதுக்கீட்டு முறை காலாவதியானது என்று அதன் விமானிகள் சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருந்தது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில், இந்திய உள்நாட்டுச் சந்தையில் 60 சதவீதத்துக்கும் மேல் கையில் வைத்திருக்கும் இண்டிகோ நிறுவனம் ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். இந்த முறை புயலும் இல்லை. விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்தும் விதி நடைமுறைக்கு வந்திருந்தது, அதற்கேற்ற ஆட்களை நிறுவனம் வைத்திருக்கவில்லை.

அந்த விதி திடீரென்று வந்ததல்ல. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியது. இரவுப் பணியில் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வர வேண்டிய விதி, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆட்சேர்ப்பு நடக்கவில்லை. குறைந்த ஆட்களைக் கொண்டு அதிக மணிநேரம் பறப்பதே அந்த லாபத்தின் அடித்தளம். நெருக்கடி முற்றியதும் ஒன்றிய அரசு என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி வரை தற்காலிக விலக்கு அளித்தது. ஆட்களை எடுக்காதது நிர்வாகத்தின் தவறு, அதற்கு விலையாகக் குறைக்கப்பட்டது விமானியின் ஓய்வு.

இங்கேதான் கூட்டு பேரத்தின் அவசியம் துலங்குகிறது. அரசின் விதி ஒரு சுற்றறிக்கையால் தளர்த்தப்படலாம். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஓய்வைத் தளர்த்த வேண்டுமானால் சங்கத்திடம் வந்து கேட்க வேண்டும். ஆனால் இந்தியத் தனியார் விமான நிறுவனங்களில் அமெரிக்காவில் உள்ளதைப் போல உறுப்பினர் வாக்கெடுப்பால் உறுதிசெய்யப்படும் கூட்டு ஒப்பந்தங்கள் இல்லை. விமானி தனி ஆளாக நியமன ஆணையில் கையெழுத்திடுகிறார். 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைத்தபோது அதில் முன்னின்றவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நோய் விடுப்பில் சென்று ஐந்து நாள் போராடிய பிறகே அவர்கள் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

பொதுத்துறையாக இருந்த ஏர் இந்தியாவின் அனுபவமும் படிப்பினை தருவது. 2007இல் இரு அரசு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன, விமானிகளின் ஊதிய விகிதங்கள் இணைக்கப்படவில்லை. 2011இல் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதியச் சமத்துவம் கோரிப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2012இல் மறு தரப்பைச் சேர்ந்த விமானிகள், புதிய ரக விமானங்களின் பயிற்சியில் தம் பதவி உயர்வு பாதிக்கப்படுவதாகக் கூறி 58 நாள் போராடினர். ஒரு தரப்பு போராடியபோது மறு தரப்பு விமானத்தை ஓட்டியது. இரண்டு முறையும் சங்க அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. இறுதியில் 2022 ஜனவரியில் நிறுவனமே டாடா குழுமத்தின் கைக்குப் போனது. எந்தத் தரப்பு அதிக ஊதியம் பெற வேண்டும் என்று விமானிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, நிறுவனம் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதை ஆட்சியாளர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த நிலையை இன்னும் கடினமாக்குகின்றன. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு நிபந்தனை இப்போது அனைத்துத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் ஆக்கப்பட்டுள்ளது. அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சட்டம் போட்ட வேலியை இந்தியத் தொழிலாளி வர்க்கம் முழுவதற்கும் போடுகிறார்கள். அங்கே அந்த வேலிக்குள் ஒப்பந்தம் என்ற ஒன்றாவது இருக்கிறது. இங்கே பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வேலி மட்டுமே கிடைக்கிறது.

தோழர்களின் கடமை

இந்த அனுபவங்களிலிருந்து சங்க ஊழியர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை சில உண்டு. ஒப்பந்த நகல் வரும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காமல், நேரம், ஓய்வு, ஆள் எண்ணிக்கை, வெளி ஒப்பந்தம் ஆகிய பிரிவுகளை உறுப்பினர்களின் மொழியில் எழுதி விளக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவையும், கடைசியாகச் சேர்ந்த தொழிலாளிக்கு அது என்ன தருகிறது என்று கேட்டு அளக்க வேண்டும். நிராகரிக்கச் சொல்வதற்கு முன், மறுநாள் காலை என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு விடை தயாராக இருக்க வேண்டும். ஏற்கச் சொல்வதற்கு முன், பறிபோனவற்றின் பட்டியலை மறைக்காமல் முன்வைக்க வேண்டும்.

விமான நிலையத்தில் விமானி தனி ஆள் அல்லர். அதே வளாகத்தில் பெட்டிகளை ஏற்றுபவர், விமானத்தைச் சுத்தம் செய்பவர், பாதுகாப்புப் பணியில் நிற்பவர், பராமரிப்புப் பொறியாளர், பணிப்பெண் என ஆயிரக்கணக்கானோர் உழைக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் ஒப்பந்ததாரரின் கீழ், குறைந்தபட்சக் கூலியில் இருப்பவர்கள். விமானியின் 48 மணி நேர ஓய்வுக்காகக் குரல் கொடுக்கும்போதே, பன்னிரண்டு மணி நேரம் பெட்டி சுமக்கும் தொழிலாளியின் எட்டு மணி நேர வேலைநாளையும் அந்தக் குரலோடு இணைப்பது கட்சித் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்த இணைப்பு இல்லாமல் போனதன் விலையை 1981லும் 2012லும் விமானிகள் கண்டார்கள். அது இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்திய விமான நிலையங்கள் இன்னும் காணவில்லை. அதைக் காணச் செய்யும் பணி, நுழைவாயிலுக்கு வெளியே சிற்றுந்துக்குக் காத்திருக்கும் சுமைத் தொழிலாளியிடம் பேசத் தொடங்குவதிலிருந்தே ஆரம்பமாகிறது.